தினம் ஒரு சாஷே

வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு தடித்த நீலக் கோப்பைத் திணித்திருப்பார்கள். ஆய்வக நடைமுறைகள் என்று மேலே அச்சிட்டிருக்கும். நீங்கள் அதைப் படிக்கவில்லை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதில் பாதியை எழுதியவள் நான். எழுதும்போது எனக்கே தூக்கம் வந்தது.

அதில் இருக்கும் சரியான விதிகளை வரிசையாகக் கடைப்பிடித்தே ஒரு பெண்ணைச் சாகவிட முடியும். ஒரு நாள் பிற்பகல் அப்படி நடக்க இருந்தது. நீங்கள் என் நாற்காலியில், இந்த ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் பொறுப்பாளராக, உட்காரப் போகிறவர் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் நான் மேடையில் பேசிய பேச்சு. புனேயில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் தோலைக் காட்டும் பெண்களுக்குத்தான் பஞ்சம். ஸ்கூட்டரில் போகிறவர்கள் முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கையில் நீள உறை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்று வங்கிக் கொள்ளைக்குப் போவதுபோல் போகிறார்கள். ஐம்பதைக் கடந்த பெண்களின் வைட்டமின் டி அளவு எங்கள் இயந்திரத்தில் ஒற்றை இலக்கத்தில் வருவது வாடிக்கை. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோனின் காவலும் குறைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இருதயம் பற்றிய பயம் வீட்டுக்குள் வருகிறது. டி குறைந்த பெண்களில் பலருக்கு நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லும் குறைந்திருப்பதாகக் கட்டுரைகள் படித்திருந்தேன். எங்கள் கணினியில் கிடந்த பழைய அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தேன். கீழ் வரிசையில் டி, பக்கவாட்டில் எச்.டி.எல். புள்ளிகள் ஏறக்குறைய சேர்ந்தே ஏறின.

இரண்டும் சேர்ந்து ஏறுவது ஒன்று. டி கொடுத்தால் எச்.டி.எல். ஏறுமா, ஏறினாலும் இருதயம் தப்புமா என்பது வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் புனேயின் தாபோடிப் பகுதியில் தமிழ் மகளிர் மன்றம் என்னைப் பேச அழைத்தபோது, அதைச் சொன்னால் பேச்சு தொய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மறந்துபோனேன் என்று எழுதலாம். பொய்யாகிவிடும். நாற்பது பெண்கள், அவர்களைக் கூட்டிவந்த சில கணவர்கள், மின்விசிறி, சமோசா. நான் படத்தைத் திரையில் காட்டினேன். கை தட்டினார்கள். நானும் அந்த வயதைக் கடந்தவள்தான். கைதட்டல் எனக்கும் பிடிக்கும்.

மூன்று மாதம் போயிற்று.

அன்று பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். எங்கள் மூத்த டெக்னீஷியன் செல்வி ஒரு தாளுடன் வந்தாள். செல்வி தாபோடியிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னை அந்த மன்றத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான்.

"மேடம், ஒரு டி வந்திருக்கு. நூத்தம்பதுக்கு மேல. மெஷின் கலத், தப்பாக் காட்டுதா பாருங்க."

"ரிப்பீட் போட்டியா?"

"போட்டேன். அதேதான். விட்டுடவா?"

கோப்பின்படி விட்டுவிடலாம். இயந்திரத்தின் எல்லையைத் தாண்டினால் ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும். அதே எண் வந்தால் '150க்கு மேல்' என்று அச்சிட்டு அனுப்ப வேண்டும். உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டிய ஆபத்தான எண்களின் பட்டியல் ஒன்று சுவரில் தொங்குகிறது. பொட்டாசியம், சர்க்கரை, கால்சியம் எல்லாம் உண்டு. வைட்டமின் டி கிடையாது. பட்டியல் தயாரித்த கூட்டத்தில் ஒரு மருத்துவர் அதைச் சேர்க்கச் சொன்னார். "வைட்டமின் டி-யால் யாரும் அன்று மாலையே சாவதில்லை" என்று சொன்னவள் நான். எல்லோரும் சிரித்தார்கள். பட்டியல் சிறியதாகவே நின்றது.

நான் தாளைப் பார்த்தேன். மரகதம் தனபால், வயது 58. கேட்டிருந்த சோதனைகள் இரண்டே: வைட்டமின் டி, கொழுப்பு. மருத்துவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தாமாகவே' என்று எழுதியிருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய அறிக்கையும் கணினியில் இருந்தது. அப்போது டி ஒன்பது, எச்.டி.எல். முப்பத்துநான்கு. இப்போது டி நூற்றைம்பதுக்கு மேல். எச்.டி.எல். முப்பத்தைந்து.

ஒன்பதிலிருந்து இந்த உயரத்துக்கு வெயிலில் நின்று யாரும் போக முடியாது. மருந்தில்தான் போயிருக்க வேண்டும். அவ்வளவு டி உடம்பில் இருந்தால் அது குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் கொட்டும். கால்சியம் ஏறினால் சிறுநீரகம் போகும், புத்தி தடுமாறும், இருதயத்தின் தாளமும் கெடும்.

"செல்வி, மிச்ச சீரத்துல கால்சியம் போடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், அவங்க கால்சியம் கேக்கலையே."

கேட்காத சோதனையைச் செய்யக் கூடாது. பதினோராம் பக்கம். எழுதியவள் யார் என்று நீங்களே ஊகிக்கலாம். நல்ல விதிதான் அது; நோயாளியின் ரத்தம் நம் ஆர்வத்துக்காக அல்ல.

"தெரியும். போடு."

பதினான்கு புள்ளி ஆறு வந்தது. பத்தரையைத் தாண்டினாலே நாங்கள் புருவத்தை உயர்த்துவோம். மறுபடி போட்டாள். பதினான்கு புள்ளி ஏழு. இப்போது அந்த எண் சுவரில் தொங்கும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஆனால் யாரும் கேட்காத சோதனை ஆயிற்றே. அறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

படிவத்தில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். ரத்தம் எடுக்கும் கலெக்‌ஷன் சென்டர்காரர் எடுத்தார். இது எங்கள் தொழிலின் பழக்கம், உங்களுக்கும் வாய்க்கும்: நோயாளியின் எண்ணை எழுதினால் ஆய்வகம் நேராக அவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, இந்த சென்டர்காரர்கள் எல்லாப் படிவத்திலும் தங்கள் எண்ணையே எழுதுவார்கள். எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டிருந்தோம்.

அவர் இந்தியில் பேசினார். "ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்புங்க மேடம், அவசரமில்லை. அந்த அம்மாவோட வீட்டுக்காரர் நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்குவார்."

"அந்த அம்மா எப்படி இருந்தாங்க?"

"நல்ல பேஷண்ட் மேடம். நாற்காலியில உட்கார்ந்த உடனே தூங்கிட்டாங்க. ஊசி குத்தினது கூடத் தெரியலை."

அது தூக்கமல்ல என்று எனக்குப் பட்டது; வீட்டு எண்ணைக் கேட்டேன். அது அவரிடம் இல்லை. முகவரி, தாபோடி. அவ்வளவுதான். தாபோடியில் எத்தனை மரகதம் இருக்க முடியும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, செல்வி தாளைத் திருப்பி வாங்கிப் பெயரை மறுபடி படித்தாள்.

"ஐயோ மேடம். இது நம்ம மரகதம் ஆண்ட்டி. நீங்க பேச வந்தன்னைக்கு ஃபர்ஸ்ட் ரோல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல அங்கிள் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரே, அவங்க."

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த மனிதரை எனக்கு நினைவிருந்தது. ஒருவராவது குறிப்பெடுக்கிறாரே என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செல்வி தன் மாமியாருக்குப் பேசி, மாமியார் மன்றத்துத் தலைவிக்குப் பேசி, பத்து நிமிடத்தில் எண் வந்தது. அந்தப் பத்து நிமிடம் நான் சுவர்ப் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தனபால் சாருங்களா? நான் லேப்ல இருந்து பேசறேன். மன்றத்துல பேச வந்தேனுங்களே."

"அரே மேடம்! வணக்கம், வணக்கம். நீங்களே போன் பண்றீங்களா? எச்.டி.எல். எவ்ளோ வந்திருக்கு?"

"அப்புறம் சொல்றேனுங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"சாந்தியா தூங்குறா மேடம். முன்னெல்லாம் உடம்பு எரியுது, ஃபேனப் போடு, ஃபேன நிறுத்துன்னு உயிர வாங்குவா. இப்ப மூணு நாளா ஒரே தூக்கம். மருந்து பராபர் வேலை செய்யுது."

"தண்ணி நிறையக் குடிக்கறாங்களா?"

"பாட்டில் பாட்டிலா. வெயில் காலம் ஆச்சே."

"சாப்பாடு?"

"எங்க, வாந்தி வருதுங்கறா. அசிடிட்டி."

நான் கேட்கக் கேட்க அவர் மகிழ்ச்சியாக ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேன்: "அந்த அறுபதாயிரம் யூனிட் டி பொடி, சாஷே, எத்தனை நாளைக்கு ஒண்ணு குடுக்கறீங்க?"

"டெய்லி. காலைல ஏழு மணி, பால்ல கலந்து. ஒரு நாள் வுட்டதில்ல மேடம். காலண்டர்ல டிக் போட்டு வெச்சிருக்கேன். கூடவே கால்சியம் மாத்திரை."

"டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே எழுதியிருப்பாரு? யாரு உங்களைத் தினமும் குடுக்கச் சொன்னது?"

என் குரல் உயர்ந்துவிட்டது. இதைக் கவனியுங்கள். அந்த நிமிடத்தில் நான் அவரைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"வாரம் ஒண்ணுன்னுதான் எழுதுனாரு. ஆனா நீங்க காட்டுன சார்ட்ல கோடு மேல போயிட்டே இருந்துச்சே மேடம். நான் முப்பத்தஞ்சு வருசம் ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். சார்ட் பாக்கத் தெரியும். நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கேன். இவளுக்கு எச்.டி.எல். அறுபது வரணும்னா டி எவ்ளோ வேணும்னு கோட்டப் புடிச்சுப் பாத்தேன். வாரம் ஒண்ணுன்னா அங்க போக ரெண்டு வருசம் ஆவும். இவ அக்கா அறுபது வயசுல ஹார்ட்ல போச்சு. அவ்ளோ டைம் எங்க மேடம் இருக்கு?"

அந்தப் படத்தில் என் புள்ளிகள் டி நாற்பது, நாற்பத்தைந்தோடு முடிந்துவிட்டன. அதற்கு மேல் ஒரு பெண்ணும் இல்லை. புள்ளிகள் வழியே நான் போட்ட கோடு பாதியில் நின்றால் திரையில் வலது பக்கம் காலியாக, அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் அதைப் பிடித்துப் படச் சட்டத்தின் ஓரம்வரை இழுத்துவிட்டேன். ஒரு விநாடி வேலை. அழகுக்காக.

"சார், அம்மாவை எழுப்புங்க. இப்பவே."

தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனார். "மரகதம். ஏ மரகதம். எந்திரிடி, லேப் மேடம் பேசறாங்க." கன்னத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

"மேடம், கண்ணத் தொறந்தா. என்னைப் பாத்து, 'அண்ணே, கடைய மூடிட்டீங்களா'ன்னு கேக்கறா."

"ஆட்டோ வேண்டாம். பக்கத்துல யாராவது காரு வெச்சிருந்தா கூப்பிடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா கேஷுவாலிட்டி. சாஷே டப்பா, மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. நான் அங்க பேசிடறேன்."

"மேடம், நான் குடுத்ததா?"

பதில் சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துண்டித்தேன்.

மருத்துவமனையில் போனை எடுத்த கேஷுவாலிட்டி மருத்துவர் இளைஞர். நல்லவர், அவசரத்தில் இருந்தார். வயதான பெண், மயக்கம், குழப்பம் என்றால் முதலில் தலையை ஸ்கேன் எடுப்போம், பக்கவாதமாக இருக்கலாம் என்றார்.

"எடுங்க. எடுக்கும்போதே சலைனும் ஏத்துங்க. ஈ.சி.ஜி. பாருங்க. கால்சியம் பதினாலரைக்கு மேல."

"யார் ஆர்டர் பண்ணின டெஸ்ட் மேடம் இது?"

"யாரும் இல்லை. நான் செஞ்சேன்."

"எழுத்துல தருவீங்களா?"

எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. கேட்காத சோதனையை, அங்கீகரிக்கப்படாத அறிக்கையாக, என் கையெழுத்தில் அனுப்ப வேண்டும். அதைவிடக் கஷ்டமான இன்னொரு வரியும் இருந்தது. காரணம் எழுத வேண்டும். 'நோயாளி மருந்தைத் தவறாக உட்கொண்டார்' என்று எழுதினால் போதும். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிர்வாகத்தில் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தட்டச்சுப் பலகை முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பிறகு செல்விதான் சொன்னாள், நாலு நிமிடமாம். அந்த நாலு நிமிடம் மரகதத்துக்குச் சொந்தமானது; அதை நான் செலவழித்தேன். பிறகு எழுதினேன்: நோயாளி அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி-யை ஏறக்குறைய மூன்று மாதம் தினமும் உட்கொண்டிருக்கிறார், கால்சியம் சோதனை என் பொறுப்பில் செய்யப்பட்டது, என் உரையில் நான் காட்டிய தவறான படத்தை நம்பியே அளவு கூட்டப்பட்டது. கையெழுத்திட்டு அனுப்பினேன். உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன், என் வேலை போகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கு என்ன வடிவத்தில் பதில் எழுத வேண்டும் என்ற நடைமுறையும் நான் எழுதியதுதான்.

அனுப்பி முடித்த பிறகுதான் மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாற்பது பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தார்கள்.

செல்வி மன்றத்துப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், போன்ல என்ன சொல்லட்டும்? நீங்க சொன்னது தப்புன்னு சொல்லணுமா, அவங்க புரிஞ்சுக்கிட்டது தப்புன்னு சொல்லணுமா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நான் சொன்னது தப்புன்னு சொல்லு. டாக்டர் எழுதினதுக்கு மேல ஒரு சாஷே கூடக் குடிக்க வேண்டாம்னு சொல்லு. பாதிப் பேருக்கு நான் பேசறேன்."

இருட்டுவதற்குள் எல்லோருக்கும் பேசினோம். பெரும்பாலானவர்கள் என் பேச்சையே மறந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் சமோசா நன்றாக இருந்தது என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்பதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஒரே ஒரு பெண் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் குடித்திருந்தார். மறுநாளே வரவழைத்துப் பார்த்தோம். அவருடைய கால்சியம் எல்லைக்குள் இருந்தது.

மரகதத்தின் கால்சியம் எளிதில் இறங்கவில்லை. டி கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். மருந்தை நிறுத்தினாலும் நாள்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். முதல் நாள் பதினான்கு. இரண்டாம் நாள் பதிமூன்றரை. மூன்றாம் நாள் மறுபடி ஏறியது. கிரியாட்டினினும் ஏறியது. சிறுநீரகம் தாங்காவிட்டால் டயாலிசிஸ் என்றார்கள். அவருடைய சோதனைகள் அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் நடந்தன. முப்பது வருடம் எண்களைக் கொடுத்துப் பழகிய நான், முதல்முறையாக ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை உங்களுக்குக் கற்பிக்க என்னிடம் பாடத்திட்டம் இல்லை.

இரண்டாம் நாளே போய்ப் பார்த்தேன். ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் தனபால் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். காலி இடம் அசிங்கமாக இருந்தது என்பதைக்கூட.

அவர் நோட்டைப் பிரித்துத் தான் வரைந்திருந்த படத்தைக் காட்டினார். அளவுகோல் வைத்து, என்னுடையதைவிடச் சுத்தமாக வரைந்திருந்தார்.

"இந்த மேல் பக்கத்துல ஒரு ஆள்கூட இல்லியா மேடம்?"

"இல்லீங்க."

"எங்க ஃபேக்டரில எவனாவது ரீடிங் எடுக்காம சார்ட்ட நீட்டியிருந்தா, கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருப்போம்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

நான் தலையாட்டினேன். அவர் நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் கால்சியம் பதிமூன்றுக்குக் கீழே வந்தது. ஆறாம் நாள் மரகதம் கணவரை அடையாளம் கண்டு, ஏன் சட்டையை மாற்றவில்லை என்று திட்டினார். அதைச் சொல்லத் தனபால் எனக்கு நேராகப் போன் செய்தார். திட்டின வார்த்தையை அப்படியே சொன்னார். நான் இங்கே எழுதவில்லை. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. சிறுநீரகம் பழையபடி ஆகவும் இல்லை. கொஞ்சம் போனது போனதுதான்.

வீட்டுக்குப் போன பிறகு மரகதம் சில மாதங்கள் எங்களிடமே ரத்தம் கொடுக்க வந்தார். உச்சி வெயிலில் நிற்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் தலையை மூடிக்கொண்டு வருவார். கணவர் ஆட்டோ பிடிக்க வெளியே போயிருந்த ஒரு காலை, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே என்னைக் கேட்டார்:

"ஏம்மா, அன்னைக்கு ரிப்போர்ட்ல அந்த நல்ல கொழுப்பு எவ்ளோ வந்துச்சு? இவரு சொல்லவே மாட்டேங்கறாரு."

"முப்பத்தஞ்சு."

"முன்ன?"

"முப்பத்திநாலு."

சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் என் கண்ணைப் பார்த்தார். "எங்கக்கா பாத்திரம் கழுவிக்கிட்டே விழுந்துச்சு. எனக்கு அப்படி ஆவாதுல்ல?"

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு எண்களால் பதில் சொல்லியிருக்கிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, நடை என்று தொடங்க எல்லாம் நாக்கில் தயாராக இருந்தன. அவை உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

"அதெல்லாம் சரியா வெச்சுக்கலாமுங்க. ஆனா ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது."

மரகதம் பஞ்சை எடுத்துப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது.

"பின்ன இந்தத் தெரியாதுங்கறத அன்னைக்கு மன்றத்துலயே சொல்லியிருக்கலாம்லம்மா," என்றார். வெளியே ஆட்டோ வந்து நின்றது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.